எங்கள் நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: அந்தத் தம்பியின் பெயரை அறிக்கையிலிருந்து எடுங்கள்

நிர்வாகக் குழுவினருக்கும் டெலிவரி மேலாளர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய ஆர்சிஏ (தவறின் மூலக் காரணத்தை ஆராயும்) அறிக்கையைப் படித்தேன். திருப்பூர் கிளையன்டின் சம்பளக் கணக்கில் ஐந்து நாள் பதிவு காணாமல் போனதற்கு "மூலக் காரணம்: டெவலப்பரின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு பெயர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட நிறையாத ஒரு பையனின் பெயர். அவனை அந்த ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். இன்கிரிமென்ட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அன்று சாயங்காலமே இன்னொரு மின்னஞ்சல் வந்தது. மீதமிருக்கும் ஒன்பது ப்ராஜெக்டுகளையும் இதே முறையில், இந்த மாதக் கடைசிக்குள், எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற நிரல் நூலகத்தின் 2.0 பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்று.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ஆனால் இந்த முடிவுகள் எடுக்கப்பட்ட கூட்டங்களில் எல்லாரும் பேசியது தமிழில்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. மற்ற நிறுவனங்களில் வேலை செய்யும் நண்பர்கள் இதே கதையை வேறு வேறு நூலகங்களின் பெயரைச் சொல்லி என்னிடம் சொல்கிறார்கள். நிறுவனத்தின் பெயரையோ கிளையன்டின் பெயரையோ எங்கும் எழுதவில்லை.

முதலில் அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். அறிக்கையில் அது இல்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு கிளையன்டின் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து போன் வந்தது. சம்பளச் சீட்டுகளில் மைனஸ் வருகிறது என்றார்கள். நானும் தம்பியும் கோவையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தையல் லைன்கள் நின்றிருந்தன. அங்கே பீஸ் ரேட் கணக்கு. ஒவ்வொரு டெய்லரும் முடித்த பண்டிலின் பார்கோடு ஸ்கேன் ஆகும். ராத்திரி நம் நிரல் ஓடி, ஸ்கேன்களை எண்ணி, ஆளுக்கு எவ்வளவு கூலி என்று சம்பள டேபிளில் எழுதும். சனிக்கிழமை மதியம் சீட்டு அச்சாகும், சாயங்காலம் காசு கையில் கிடைக்கும். ஒரு அம்மா தன் சீட்டை என்னிடம் நீட்டினார். கூலி 620 ரூபாய், முன்பணப் பிடித்தம் 1,000 ரூபாய், நிகரத் தொகை மைனஸ் 380. ஆறு நாள் வேலை செய்திருக்கிறார். சீட்டில் ஒரு நாள் கூலிதான் இருந்தது. "நான் கம்பெனிக்குக் கட்டணுமா கண்ணு?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே பயந்துபோய்க் கேட்டார்.

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்து முடித்தார்கள். ஸ்கேன் பதிவுகள் பத்திரமாக இருந்ததால் கணக்கை மறுபடி ஓட்ட முடிந்தது. ஆனால் ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்காமலேயே கிளம்பிப் போனார்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது. "பிசினஸ் இம்பேக்ட்: குறைவு, ஒன்பது மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது" என்று அறிக்கை சொல்கிறது. அந்த ஒன்பது மணி நேரம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். உங்களில் சிலர் நிரல் எழுதி ரொம்ப வருடம் ஆகியிருக்கும், அதனால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

நம் பைத்தான் ப்ராஜெக்டுகள் எல்லாமே டேட்டாபேஸோடு பேசுவது எஸ்க்யூஎல்ஆல்கெமி வழியாகத்தான். மைக் பேயர் தொடங்கி, 2006இல் முதலில் வெளியான நூலகம் அது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் நாம் அதற்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. அதன் 1.4 பதிப்பு 2021 மார்ச்சில் வந்தது. 2.0 பதிப்பு 2023 ஜனவரியில் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். 1.4 என்பதே ஒரு பாலமாகக் கட்டப்பட்ட பதிப்பு. பழைய முறையும் அதில் ஓடும், புது முறையும் ஓடும். ஒரு சூழல் மாறியை (நிரலுக்கு வெளியே வைக்கும் ஒரு அமைப்பை) 1 என்று வைத்துவிட்டால், 2.0இல் வேலை செய்யாமல் போகப்போகிற ஒவ்வொரு இடத்தையும் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் எச்சரிக்கையாகச் சொல்லும். மாற்றுவது எப்படி என்று படிப்படியாக எழுதிய வழிகாட்டியும் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

2.0இல் மாறிய விஷயங்களில் பெரும்பாலானவை சத்தம் போடும் வகை. என்ஜின் (டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் பொருள்) மீது நேரடியாக எக்ஸிக்யூட் கூப்பிட்டு வாக்கியத்தை ஓட்டும் வழியை எடுத்துவிட்டார்கள். பழையபடி கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லை என்று நிரல் அந்த இடத்திலேயே விழும். வெறும் சரமாக எஸ்க்யூஎல் கொடுத்தால் ஏற்காது, டெக்ஸ்ட் என்று சுற்றித் தர வேண்டும். செலக்டுக்குள் டேபிளின் பத்திகளைப் பட்டியலாகக் கொடுத்தால் பிழை வரும். ஒரு வரிசையை அகராதி மாதிரி நினைத்துப் பத்தியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டால் டைப் எரர் வரும். இவை எல்லாம் நல்லவை என்றுதான் சொல்வேன். விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம்.

சத்தம் போடாத மாற்றம் ஒன்று உண்டு. தானியங்கிக் கமிட். 1.x காலத்தில் நாம் இன்சர்ட், அப்டேட், டெலிட் என்று தொடங்கும் வாக்கியத்தைக் கொடுத்தால், நூலகமே அதை அடையாளம் கண்டு, முடிந்ததும் கமிட் போட்டுவிடும், அதாவது எழுதியதை டேட்டாபேஸில் நிலையாகப் பதித்துவிடும். 2.0இல் அந்தப் பழக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். முதல் வாக்கியம் ஓடியதும் பரிவர்த்தனை தானாகத் தொடங்கும். கமிட் மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இணைப்பை மூடினால், எழுதியது எல்லாம் ரோல்பேக் ஆகிவிடும், எழுதாதது போலவே போய்விடும். பிழை வராது. நிரல் நிற்காது. என்னைக் கேட்டால் அவர்கள் எடுத்த முடிவு சரி. யார் எப்போது கமிட் செய்கிறார்கள் என்று நிரலைப் படித்தாலே தெரிய வேண்டும். ஆனால் பதினைந்து வருடப் பழக்கத்தை ஒரு வார இறுதியில் மாற்றச் சொன்னால் எங்கே இடறுவோம் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். இது அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் எச்சரிக்கை போட்டார்கள்.

திருப்பூர் நிரலில் நடந்தது இதுதான். 2.0க்கு மாற்றிய நிரலை ஞாயிற்றுக்கிழமை டிப்ளாய் செய்தோம், அதாவது கிளையன்ட் பயன்படுத்தும் இடத்தில் ஏற்றினோம். திங்கள் ராத்திரி முதல் சம்பள நிரல் ஒழுங்காக ஓடியது. லாகில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு எண் இருந்தது: 412 பதிவுகள் சேர்க்கப்பட்டன, 409 பதிவுகள், 411, 407, 408. அந்த எண்கள் பொய்யில்லை. இன்சர்ட் நடந்ததும் எத்தனை வரிசை என்று டேட்டாபேஸ் சொல்லும், அதைத்தான் லாக் எழுதியது. அடுத்த நொடி இணைப்பு மூடப்பட்டது, 412 வரிசையும் போயிற்று. டேஷ்போர்டு ஸ்கேன் டேபிளைப் படிக்கிறது, அது வேறு வழியில் சரியாகக் கமிட் ஆகிக்கொண்டிருந்தது. முன்பணப் பிடித்தமும் அப்படித்தான். அதனால் ஐந்து நாள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டிப்ளாய்க்கு முந்தைய சனிக்கிழமையின் கூலி மட்டும் டேபிளில் மிஞ்சியிருந்தது. அந்த அம்மாவின் சீட்டில் இருந்த 620 அதுதான்.

இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? நீங்கள் கவனக்குறைவானவன் என்று எழுதியிருக்கும் அதே தம்பி.

கிளையன்டின் அக்கவுன்ட்ஸ் அறையில், ஒரு ஓரத்து மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ வரிசைகளை அழித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவன் சம்பள டேபிளின் கடைசி ஐடியைப் பார்த்தான். 88,140. பிறகு அந்த ஐடியைக் கொடுக்கும் சீக்வென்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். 90,187. நாம் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பரிவர்த்தனை ரோல்பேக் ஆனாலும் சீக்வென்ஸ் எண் பின்னுக்குப் போகாது. அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் லாகின் ஐந்து எண்களையும் கூட்டினான். 2,047. இரண்டு ஐடிகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் 2,047. "அக்கா, எழுதியிருக்கு. ஆனா கமிட் ஆகலை" என்றான். நூலகம் அனுப்பும் வாக்கியங்களைத் திரையில் காட்டும் எக்கோவைத் திறந்து ஒரு தடவை சோதனை டேட்டாபேஸில் ஓட்டினோம். பிகின், அதற்குக் கீழே இன்சர்ட், கடைசி வரியில் ரோல்பேக். அவன் கை நடுங்கியது. திருத்தம் என்று பார்த்தால் ஒரே ஒரு சொல். என்ஜினிடம் கனெக்ட் கேட்ட இடத்தில் பிகின் கேட்க வேண்டும். பிகின் என்றால் உள்ளே நடந்தது பிழையில்லாமல் முடிந்ததும் கமிட் தானாக விழும். மாற்றினோம், ஓட்டினோம், வரிசைகள் நின்றன.

அப்படியானால் அந்த ஒரு சொல்லை அவன் முதலிலேயே ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறிக்கை எழுதும் முன் யாராவது அவனிடம் இதைக் கேட்டிருக்கலாம்.

அந்த ப்ராஜெக்டில் என்ஜின் மீது நேரடியாக எக்ஸிக்யூட் கூப்பிட்ட இடங்கள் 217. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லி, ஞாயிறு ராத்திரிக்குள் முடிக்கச் சொன்னீர்கள். கமிட் பிரச்சினை அவனுக்குத் தெரியும். 217 இடத்திலும் இன்சர்ட், அப்டேட், டெலிட் என்ற சொற்களைத் தேடி, எழுதும் இடங்களைத் தனியாகப் பிரித்து, 26 இடத்தில் பிகின் போட்டிருந்தான். தப்பியது ஐந்து இடம். ஏனென்றால் அந்த ஐந்து இடத்திலும் எஸ்க்யூஎல் வாக்கியம் பைத்தான் கோப்பில் இல்லை. தனி எஸ்க்யூஎல் கோப்பில் இருக்கிறது, ஓடும்போது அங்கிருந்து படித்துக்கொள்கிறது. பைத்தான் வரியில் தெரிவது ஒரு மாறியின் பெயர் மட்டும்தான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் தேடலில் அது அகப்படாது. அந்த மாதிரி எழுதி வைத்தது 2017இல் வேறு ஒரு குழு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அது சரியாகத்தான் ஓடியது.

ஆனால் நூலகம் அதைக் கண்டுபிடித்திருக்கும். 1.4இல் எச்சரிக்கைகளைத் திறந்துவைத்து அந்த நிரலை ஒரே ஒரு ராத்திரி ஓட்டியிருந்தால், இந்த வாக்கியம் தானியங்கிக் கமிட்டை நம்பி ஓடுகிறது, 2.0இல் இது இருக்காது என்று வரி எண்ணோடு சொல்லியிருக்கும். ஓடும்போது பார்ப்பதால், எஸ்க்யூஎல் எந்தக் கோப்பிலிருந்து வந்தாலும் அதற்குத் தெரியும்.

நாம் 1.4இல்தான் இருந்தோம். பாலத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தோம். எச்சரிக்கை ஏன் வரவில்லை?

நம் எல்லா ப்ராஜெக்டுகளுக்கும் அடிப்படையான டாக்கர் படத்தின் (நிரல் ஓடும் சூழலை வரையறுக்கும்) கோப்பைத் திறந்து பாருங்கள். 2023 ஜனவரியில் வந்த 1.4.46 பதிப்பில், பழைய முறை எங்காவது இருந்தால் ஒரே ஒரு பொது எச்சரிக்கையைக் காட்டும்படி செய்தார்கள். உங்கள் நிரல் 2.0க்குப் பொருந்தாது, விவரம் வேண்டுமானால் இந்த மாறியை வையுங்கள், இந்த அறிவிப்பே வேண்டாம் என்றால் அந்த மாறியை வையுங்கள் என்று அதில் இருக்கும். நம் கோப்பில் இருப்பது வாயை மூடச் சொல்லும் அந்த இரண்டாவது மாறி. அதற்கு அடுத்த வரியில் பைத்தானின் எல்லா எச்சரிக்கைகளையும் புறக்கணிக்கச் சொல்லும் மாறியும் இருக்கிறது. லாக் சேமிப்புச் செலவு கூடுகிறது, கிளையன்ட் லாகைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்று ஒரு கூட்டத்தில் சொல்லி அந்த இரண்டு வரியையும் சேர்த்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. என் பங்கு அது. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

இன்னொரு பங்கும் எனக்கு இருக்கிறது. அந்த மாற்றங்களைச் சேர்க்கக் கேட்டு வந்த புல் ரிக்வெஸ்ட்டைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். 64 கோப்பு, 1,800 வரிக்கு மேல் மாற்றம், ஞாயிறு ராத்திரி பதினொரு மணி. டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை. சம்பள நிரலுக்கும் டெஸ்ட் இருக்கிறது. எத்தனை வரிசை சேர்த்தேன் என்று நிரல் திருப்பித் தரும் எண்ணைப் பார்த்து, சரி என்று சொல்லிவிடும். தனி இணைப்பில் போய் டேபிளைத் திறந்து, வரிசை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்காது. அந்த டெஸ்ட்டை எழுதி நான்கு வருடம் ஆகிறது, அத்தனை வருடமும் எனக்கு அதில் குறை தெரிந்ததில்லை. ஆகவே அறிக்கையில் பெயர் போட்டே தீர வேண்டும் என்றால் என் பெயரைப் போடுங்கள். பதினான்கு வருடம் இந்த வேலையில் இருப்பவள் நான். அவனைவிட எனக்குப் பொறுப்பு அதிகம்.

அவசரம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிக்கை சொல்லவில்லை. ரிப்போர்ட் பகுதியில் கிளையன்ட் கேட்ட ஒரு வசதிக்குப் புதுப் பதிப்பு வேண்டும் என்று, தரவை அலசும் பாண்டாஸ் நூலகத்தை 2.2க்கு ஏற்றினார்கள். 2024 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்புக்கு எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0 இருந்தாக வேண்டும். 1.4இன் என்ஜினைக் கொடுத்தால், இதற்கு கர்சர் இல்லையே என்று புரியாத ஒரு பிழையைச் சொல்லிவிட்டு நிற்கும். வியாழக்கிழமை டெமோவில் அது நின்றது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு உத்தரவு வந்தது. இதனால்தான் 1.4இலேயே காலம் தள்ளலாம் என்று சிலர் இப்போது சொல்வதையும் நான் ஏற்கவில்லை. நாம் நின்றாலும் நம்மைச் சுற்றி இருப்பவை நகரும். ஒரு நாள் இப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நிற்கும்.

நான் இதை முன்கூட்டியே கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் ப்ராஜெக்டுக்கு இரண்டு பேர், பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்றீர்கள். 2024 பிப்ரவரியில் பாண்டாஸைக் காரணம் காட்டி மறுபடி எழுதினேன். கிளையன்டிடம் பில் போட முடியாத வேலைக்கு ஆள் தர முடியாது என்று பதில் வந்தது. அதே வருடம் நவம்பரில் எழுதியதற்குப் பதிலே வரவில்லை. மூன்று மின்னஞ்சலும் என்னிடம் இருக்கின்றன.

ஒரே ஒரு ப்ராஜெக்டில் மட்டும், அந்த மேலாளர் தன் பொறுப்பில் நாள் ஒதுக்கிக் கொடுத்ததால், ஒழுங்காகச் செய்து பார்த்தோம். பள்ளிக் கட்டண மென்பொருள் அது. 1.4ஐ விட்டு நகராமல், எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு டெஸ்ட்டுகளை ஓட்டினோம். முதல் ஓட்டத்தில் திரை முழுக்க எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருந்தது, பார்த்ததும் மலைப்பாகத்தான் இருந்தது. ஒரே இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்ததை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் 41 இடம்தான். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, சரிசெய்த வகை எச்சரிக்கை மறுபடி வந்தால் டெஸ்ட் தோற்கும்படி வைத்தோம். பிறகு என்ஜினுக்கும் செஷனுக்கும் (சேமிக்க வேண்டிய பொருள்களைக் கையாளும் பகுதி) 2.0 போலவே நடக்கச் சொல்லும் ஃபியூச்சர் கொடியைப் போட்டு ஒரு வாரம் ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலில் விட்டோம். கடைசியில் பதிப்பு எண்ணை 2.0 என்று மாற்றிய அன்று எதுவும் நடக்கவில்லை. சாப்பிடப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். இரண்டு பேருக்குப் பதினோரு வேலை நாள் ஆயிற்று.

அந்த 41இல் ஒரு வகையை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் சத்தமில்லாத வகை. ரசீது என்ற பொருளை உருவாக்கி, அதன் மாணவர் இவர் என்று ஒரு வரியில் ஒதுக்கினால், மாணவர் ஏற்கெனவே செஷனில் இருந்தால், 1.4இல் பின்னுறவு (மாணவரிடமிருந்து ரசீதுக்குத் திரும்பும் தொடர்பு) வழியாக ரசீதும் தானாகச் செஷனுக்குள் வந்து சேமிக்கப்பட்டுவிடும். 2.0இல் அது வராது. நாமே ஆட் செய்ய வேண்டும். நம் நிரலில் ஆறு இடத்தில் ஆட் இல்லை. எச்சரிக்கையைப் பார்க்காமல் மாற்றியிருந்தால், அப்பா அம்மா கட்டணம் கட்டியிருப்பார்கள், பள்ளியின் கணக்கில் ரசீது இருந்திருக்காது. ஜூன் மாதம், கவுன்டரில் வரிசை நிற்கும் நேரத்தில். 2.0இல்கூட நூலகம் இதற்கு ஒரு எச்சரிக்கை தருகிறது, இந்தப் பொருள் செஷனில் இல்லை, சேர்க்கப்போவதில்லை என்று. எச்சரிக்கைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் நம் டாக்கர் வரி அதையும் விழுங்கியிருக்கும்.

இப்போது நீங்கள் மாதக் கடைசிக்குள் மாற்றச் சொல்லும் ஒன்பது ப்ராஜெக்டுகளில் ஒன்று மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்கு. இன்னொன்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பால் கொள்முதல். காலையில் பாலை ஊற்றிவிட்டுப் போனவருக்கு, லிட்டர் கணக்கு டேபிளில் நின்றதா ரோல்பேக் ஆனதா என்று எப்படித் தெரியும்? பத்து நாள் கழித்துப் பணம் குறையும்போதுதான் தெரியும். அன்றைக்கும் ஒரு தம்பியின் பெயரையோ பாப்பாவின் பெயரையோ எழுதிவிடுவோமா?

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது பிஎச்பி எழுதினேன். பழைய மைஎஸ்க்யூஎல் செயல்கூறுகளை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் எடுத்துவிட்டார்கள். டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் இருந்த இன்னொரு வழியான பிடிஓவுக்கு மாறினோம். அப்போது பிடிஓ பிழை வந்தாலும் பேசாமல் இருப்பதையே இயல்பாக வைத்திருந்தது, பிஎச்பி 8இல்தான் அதை மாற்றினார்கள். அன்றைக்கும் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்கள் இரண்டு நாள் காணாமல் போயின, அன்றைக்கும் பெயர் எழுதப்பட்டது. எழுதப்பட்டது என் பெயர். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு வருடம் ப்ரொடக்‌ஷன் பக்கம் போகவே பயந்தேன். ஒவ்வொரு டிப்ளாய்க்கும் முன்னால் வயிறு கலங்கும். அந்தத் தம்பி இப்போது அலுவலகத்தில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அது என்னவென்று தெரிகிறது. நேற்று அவன் என்னிடம் வந்து, "அக்கா, நான் டெஸ்டிங் டீமுக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டான். சீக்வென்ஸ் எண்ணைப் பார்த்து அரை மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்த பையன் அவன். அவனை இழக்க நமக்கு என்ன அவசியம்?

நான் கேட்பவை இவை.

ஆர்சிஏ அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள். அதில் டாக்கர் கோப்பின் இரண்டு வரிகளும், மூன்று முறை மறுக்கப்பட்ட கால அவகாசமும், டேபிளைத் திறந்து பார்க்காத டெஸ்ட்டும், நான் கொடுத்த ஒப்புதலும் இடம்பெற வேண்டும். தம்பியின் பெயர் அதில் வரலாம், பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் என்ற இடத்தில். அவனுடைய இன்கிரிமென்ட்டை இந்த மாதச் சம்பளத்திலேயே விடுவியுங்கள். திருத்திய அறிக்கையை, பழையது யாருக்கெல்லாம் போனதோ அவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள்.

மாதக் கடைசி என்ற கெடுவை ரத்து செய்யுங்கள். ஒன்பது ப்ராஜெக்டுகளிலும் முதல் வேலையாக, அடிப்படை டாக்கர் படத்திலிருந்து அந்த இரண்டு வரிகளையும் நீக்கி, டெஸ்ட் சூழலிலாவது எச்சரிக்கைகளைத் திறந்து ஒரு வாரம் ஓட விடுங்கள். எந்த ப்ராஜெக்டில் எத்தனை இடம் என்று தெரிந்த பிறகு நாள் கணக்கை நாங்கள் எழுதித் தருகிறோம். பணத்தையும் மருந்தையும் பாலையும் தொடும் மூன்று ப்ராஜெக்டுகளுக்கு, எழுதும் ஒவ்வொரு நிரலையும் நிஜமான போஸ்ட்கிரெஸில் ஓட்டி, தனி இணைப்பில் படித்துச் சரிபார்க்கும் டெஸ்ட் வந்த பிறகுதான் 2.0 போக வேண்டும்.

இனி போடும் விலைப்பட்டியல்களில் நூலகப் பதிப்பு மாற்றத்துக்கு என்று ஒரு தனி வரி இருக்கட்டும், வருடத்துக்கு இத்தனை நாள் என்று. வண்டிக்கு ஆயில் மாற்றுவதைக் கிளையன்டிடம் சொல்ல நமக்குக் கூச்சமே வேண்டாம். சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். பள்ளி ப்ராஜெக்டில் புரிந்துகொண்டார்கள்.

திருப்பூரில் அன்று ராத்திரி வரை காத்திருந்தவர்களுக்கும், சம்பளம் இல்லாமல் பஸ் ஏறியவர்களுக்கும், தவறு எங்கள் மென்பொருளுடையது, உங்கள் கம்பெனியுடையது இல்லை என்று நம் லெட்டர்ஹெட்டில், தமிழில், ஒரு கடிதம் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். அன்று அங்கே சூப்பர்வைசர்கள்தான் திட்டு வாங்கினார்கள்.

இந்த நான்கிற்கும் வரும் 20ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை இந்த ஒன்பது ப்ராஜெக்டுகளில் பதிப்பு மாற்றத்துக்கான எந்தப் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் நான் ஒப்புதல் கொடுக்க மாட்டேன். மற்ற வேலைகளை வழக்கம்போலச் செய்வேன். எச்சரிக்கைகளைத் திறந்து பட்டியல் எடுக்கும் வேலையைப் பால் கொள்முதல் ப்ராஜெக்டில் நாளைக் காலையே தொடங்குகிறேன். தம்பியையும் கூட உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பேக்எண்ட் குழுவிலிருந்து,
கோயம்புத்தூர்